ஜடேஜாவுக்கு 14, சஞ்சுவுக்கு 18: ஒரு பேங்க்காரனின் கணக்கு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆபீஸில் ஆணி அதிகம், வீட்டில் பெரியவளுக்குப் பரீட்சை, தங்கமணிக்கு முதுகுவலி. எழுத உட்கார்ந்தா யாராவது கூப்பிடுவாங்க. ஆனா ஒரு விஷயம் 2025 நவம்பர்லேர்ந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இறக்கி வச்சிடலாம்னு தோணுது.

நவம்பர் 15, சனிக்கிழமை. நியூ ஜெர்சியில் நல்ல குளிர். காலையில் எழுந்து செல்போனைப் பார்த்தா எங்க குடும்பக் குரூப்பில் 140 மெசேஜ். யாருக்கோ உடம்புக்கு முடியலன்னு நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு. வெளிநாட்டில் இருக்கிறவங்களுக்கு இந்த பயம் தெரியும். ராத்திரியில் அத்தனை மெசேஜ் வந்தா நல்ல சேதியா இருக்காது.

நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் இல்ல. ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியிருக்கு. கூடவே சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. அதுக்குத்தான் அத்தனை அடிதடி.

எங்க குடும்பத்தில் இது சும்மா கிரிக்கெட் சண்டை இல்ல. ஏன்னு சொல்றேன். எங்க ஊர் கள்ளிக்காடு. நெய்யாறு அணை இருக்கே, அந்த ஊர்தான். திருவனந்தபுரம் மாவட்டம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். சொந்தக்காரங்க பாதிப் பேர் பாறசாலைக்கு இந்தப் பக்கம், மீதிப் பேர் களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், குழித்துறை. சஞ்சு பிறந்த புல்லுவிளையோ விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரை. மலையடிவாரத்தில் நாங்க, கடலோரத்தில் அவங்க, நடுவில் நெய்யாற்றின்கரை. தில்லி போலீஸில் இருந்து, சந்தோஷ் டிராஃபி கால்பந்து ஆடின ஒருத்தர், மகனோட கிரிக்கெட்டுக்காக வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி வந்த கதை எங்க பக்கத்து டீக்கடையில் எல்லாருக்கும் மனப்பாடம்.

அதனால ஊரில் இருக்கிற தம்பி பசங்களுக்குத் தீபாவளி. "நம்ம பையன் மஞ்ச ஜெர்சி போடப் போறான்!" மார்த்தாண்டத்து அண்ணனோ கொதிக்கிறார். "பன்னிரண்டு சீசன் உழைச்சவனை இப்படியா அனுப்புவீங்க? நன்றி கெட்டவனுங்க!" ரெண்டு தரப்பும் கடைசியில் என்னைக் கூப்பிட்டது. "நீ பேங்க்ல லோன் குடுக்கிறவன்தானே. கணக்குப் போட்டுச் சொல்லு, இந்த வியாபாரம் சரியா தப்பா?"

அன்னைக்கு "யோசிச்சுச் சொல்றேன்"னு நழுவினேன். இப்போ சொல்றேன்.

பக்கத்து சீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தது

முதலில் வேற ஒரு ஆட்டத்துக் கதை. எங்க பேங்க்கில் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் நியூயார்க் ஜெட்ஸ் பைத்தியம். அமெரிக்கக் கால்பந்து. காலால் உதைக்கிறது குறைவு, கையால் பிடிக்கிறதுதான் அதிகம், ஆனாலும் பேர் ஃபுட்பால். இதில் வைட் ரிசீவர்னு ஒரு இடம் உண்டு. ஓரத்தில் நின்னு, ஆட்டம் தொடங்கினதும் பிச்சுக்கிட்டு ஓடி, தூரத்திலிருந்து எறியற பந்தைப் பிடிக்கிறவர். காலில் வேகம் இருக்கிற வரைக்கும்தான் ராஜா. முப்பதைத் தொட்டதும் விலை போடுறவங்க கண்ணு சுருங்க ஆரம்பிக்கும்.

டவாண்டே ஆடம்ஸ்னு ஒரு பெரிய ஆட்டக்காரர். 2022 மார்ச்சில் கிரீன் பே அணி இவரை லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸுக்குக் கொடுத்தது. அப்போ வயசு 29. பதிலுக்கு ரெய்டர்ஸ் கொடுத்தது அந்த வருஷத்து முதல் சுற்று உரிமை ஒண்ணு, இரண்டாம் சுற்று உரிமை ஒண்ணு. அங்கே ஏலம் கிடையாது. வருஷா வருஷம் கல்லூரியிலிருந்து வர்ற பையன்களை வரிசைப்படி எடுப்பாங்க. அந்த வரிசையில் நிற்கிற உரிமைதான் அங்கே நாணயம். முதல் சுற்று உரிமை பவுன் மாதிரி.

இரண்டரை வருஷம் கழிச்சு, 2024 அக்டோபரில், ரெய்டர்ஸ் அதே மனுஷனை ஜெட்ஸுக்குக் கொடுத்தது. வயசு 31. கிடைச்சது, நிபந்தனையோட ஒரு மூன்றாம் சுற்று உரிமை. எங்க சீட்டுக்காரர் துள்ளிக் குதிச்சார். "இத்தனை பெரிய ஆள், இத்தனை மலிவா!" எனக்கு அப்பவே உறுத்துச்சு. மலிவா கிடைக்கிற எதுக்கும் விற்கிறவன் பக்கம் ஒரு காரணம் இருக்கும். எங்க தொழிலில் அதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

ஆடம்ஸ் மோசமா ஆடலை. 11 ஆட்டத்தில் 854 கெஜம், 7 டச் டவுன். ஆனா ஜெட்ஸ் அந்த சீசனை 5 வெற்றி, 12 தோல்வின்னு முடிச்சது. 2025 மார்ச்சில் அவரை விடுவிச்சுட்டாங்க. கொடுத்த உரிமை போனது போனதுதான். நல்ல சரக்கை நல்ல விலைக்கு வாங்கியும் நஷ்டப்படலாம், நம்ம கடைக்கு அந்தச் சரக்கு தேவையில்லைன்னா. இதை மனசில் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அப்பாவும் ரப்பர் மரமும்

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலா ரப்பர் இருந்தது. ரப்பர் நட்டா ஏழு வருஷம் காத்திருக்கணும், அப்புறம்தான் பால் வெட்டலாம். சுமார் இருபது, இருபத்தஞ்சு வருஷம் பால் கிடைக்கும். பிறகு குறையும். கடைசி ஒண்ணு ரெண்டு வருஷம் 'கடும்வெட்டு' போடுவாங்க. மரம் இனிமே வாழணும்ங்கிற கவலை இல்லாம, மேலேயும் கீழேயும் வெட்டி, இருக்கிற பாலை எல்லாம் எடுக்கிறது. அதுவும் முடிஞ்சா மரக் கச்சவடக்காரர் வந்து தடி விலை பேசுவார்.

நான் நாகர்கோவிலில் பி.காம். படிச்சிட்டிருந்தப்போ அந்த நாள் வந்தது. கச்சவடக்காரர் மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து கயிறு பிடிச்சு அளந்தார். நான் பொறுக்காம, "அண்ணே, இந்த மரம் எங்களுக்கு எவ்வளவு பால் குடுத்திருக்கு தெரியுமா?"ன்னேன். அவர் சிரிச்சிட்டார். "தம்பி, அந்தப் பாலுக்கு உங்கப்பா அப்பவே காசு வாங்கியாச்சு."

எந்தப் பாடப் புத்தகத்திலும் மதிப்பீடுங்கிற சொல்லுக்கு இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் அர்த்தம் சொன்னதில்ல. நடந்து முடிஞ்ச வருமானம் மூடின கணக்கு. விலைங்கிறது இனிமே வரப் போறதுக்கு மட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்

2024 நவம்பரில் ஜெட்டாவில் பெரிய ஏலம் நடந்தது. அதுக்கு முன்னாடியே சென்னை ஜடேஜாவை 18 கோடிக்கும், ராஜஸ்தான் சஞ்சுவை 18 கோடிக்கும் தக்க வச்சிருந்தாங்க. ஏடு ஒண்ணுதான், ஆனா ஆள் வேற. பேரம் முடிஞ்ச அன்னைக்கு சஞ்சுவுக்கு 31 முடிஞ்சு நாலு நாள். ஜடேஜாவுக்கு 37 ஆக மூணு வாரம். ஆறு வருஷ வித்தியாசம்.

2025 சீசனில் ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். சஞ்சு காயத்தோட 9 ஆட்டம், 285 ரன். பார்த்தா ரெண்டு பேரும் சுமார்தான். ஆனா ஒரு சீசன் பேலன்ஸ் ஷீட்டை வச்சு லோன் கொடுக்கிறவன் முட்டாள். தேவை என்னங்கிறதைப் பார்க்கணும். சென்னை அந்த வருஷம் பத்தாவது இடம். பத்து அணியில் பத்தாவது! தோனிக்கு 44 வயசு. விக்கெட் கீப்பருக்கு ஒரு வாரிசு வேணும், மேல் வரிசையில் அடிக்க ஆள் வேணும். சஞ்சு ரெண்டுக்கும் பொருந்தறார். ஐ.பி.எல்.லில் 177 ஆட்டம், 4,700 ரன்னுக்கு மேல், 2021-ல் கேப்டனா இறங்கின முதல் ஆட்டத்திலேயே 119, 2022-ல் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டு போனவர்.

ஜடேஜாவும் சும்மா ஆள் இல்ல. 250 ஆட்டத்துக்கு மேல். சென்னைக்காக அதிக விக்கெட் எடுத்தவர், பிராவோவையே தாண்டினவர். ஆனா 2024 ஜூனில் உலகக் கோப்பை ஜெயிச்ச கையோட இந்தியாவுக்கான இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த வகை ஆட்டத்தில் அவருக்கு மிச்சம் இருக்கிற ஆண்டுகள் குறைவுன்னு அவரே கையெழுத்துப் போட்ட மாதிரிதான் அது.

ஆக, ஆளை மாத்தினது சரி. மார்த்தாண்டத்து அண்ணன் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. தேவை, வயசு, மிச்ச ஆயுள், மூணையும் வச்சுப் பார்த்தா இது ஒழுங்கா எழுதின ஃபைல்.

"வயசானவனை வச்சுத்தானே 2018-ல் கோப்பை அடிச்சோம்?"னு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. 36 வயசு ஷேன் வாட்சன் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காம 117. ஆனா அவரை ஏலத்தில் எடுத்தது 4 கோடிக்கு. ராயுடு 2.2 கோடிக்கு வந்து 602 ரன். ஊரே 'வயசான டீம்'னு சிரிச்சப்போ சென்னை மலிவா வாங்கிச்சு. அங்கே லாபம் வந்தது வயசாலே இல்ல, விலையாலே. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. அஷ்வின் 38 வயசில் 9.75 கோடிக்கு வீடு திரும்பினார். எனக்கும் கண்ணில் தண்ணி வந்தது, மறைக்க மாட்டேன். 2025-ல் 9 ஆட்டம், 7 விக்கெட். ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு. அந்த விலையில் பாதி பந்துவீச்சுக்கு, பாதி பாசத்துக்கு.

வயசு மட்டும்தான் விலையைக் குறைக்கும்னும் நினைக்காதீங்க. இதே பேரத்தில் போன சாம் கரனை 2022 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் 18.5 கோடிக்கு எடுத்தது. அன்னைக்கு அது சாதனை விலை. ரெண்டே வருஷம் கழிச்சு சென்னை எடுத்தது 2.4 கோடிக்கு. அப்போ அவர் வயசு 26! சந்தைக்கு மறதி ஜாஸ்தி.

அந்த 4 கோடி யாருடையது?

இது வரைக்கும் எல்லாரும் சொல்றதுதான். நான் எழுத உட்கார்ந்தது இனிமே சொல்லப் போறதுக்காக.

ஐ.பி.எல்.லில் ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு உண்டு. 2026-க்கு 125 கோடி. ஆட்டக்காரர் மாறினா அவர் சம்பளமும் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாறும். பேரத்தில் சஞ்சுவுக்கு 18 அப்படியே இருந்தது. கரனுக்கு 2.4 அப்படியே. ஜடேஜாவுக்கு மட்டும் 18, 14 ஆச்சு.

ஒரு பழைய கவரின் பின்னால் எழுதிப் பார்த்தேன், தொழில் பழக்கம்.

சென்னை பையிலிருந்து போனது 18 + 2.4 = 20.4. வந்தது 18. மிச்சம் 2.4 கோடி.

ராஜஸ்தான் பையிலிருந்து போனது 18. வந்தது 14 + 2.4 = 16.4. மிச்சம் 1.6 கோடி.

ரெண்டு பேருக்கும் மிச்சம்! 2.4 + 1.6 = 4 கோடி. ஒரு கொடுக்கல் வாங்கலில் ரெண்டு பக்கமும் பையில் காசு மிஞ்சினா, மூணாவதா ஒருத்தர் பையிலிருந்து அது வந்திருக்கணும். பற்று வரவு பொய் சொல்லாது. 18-ல் 14 போனா 4. அந்தக் காசு ஜடேஜாவோடது.

மூணு ஆட்டக்காரர், ரெண்டு அணி, கோடி கோடியா பணம் புரள்ற இந்தப் பேரத்தில் தன் கையிலிருந்து காசு போட்ட ஒரே ஆள் அந்த முப்பத்தாறு வயசுக்காரர்தான்.

அந்தத் தள்ளுபடி நியாயமா? சந்தையே ஒரு மாசத்தில் பதில் சொல்லிச்சு. டிசம்பர் 16, அபுதாபியில் ஏலம். சென்னை பிரசாந்த் வீர்னு ஒரு இருபது வயசுப் பையனை எடுத்தது. உத்தரப் பிரதேசத்துக்காரர், இடது கை சுழற்பந்து, பேட்டிங்கும் உண்டு. கேட்ட மாதிரி இருக்கா? ஜடேஜா செய்யற அதே வேலைதான். இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அடிப்படை விலை 30 லட்சம். போன விலை 14.2 கோடி!

பையனைக் குறை சொல்லல, நல்லா வரட்டும். ஆனா கள்ளிக்காட்டுக் கணக்கில் பாருங்க. பால் வெட்டிக்கிட்டிருக்கிற மரத்துக்கு 14. நாத்துக்கு 14.2. நாத்து பிழைச்சா இருபத்தஞ்சு வருஷம் பால், வாஸ்தவம். ஆனா பிழைக்கணும், ஏழு வருஷம் காத்திருக்கணும். ஒருத்தரோட விலையைச் சொல்லணும்னா அவர் இடத்தை நிரப்ப எவ்வளவு ஆகும்னு பார்க்கணும். அந்தக் கணக்குப்படி ஜடேஜா 14 இல்ல, கூடுதல். ஆளை மாத்தினது சரி, போட்ட விலை குறைவு. இதுதான் என் தீர்ப்பு.

"இந்த சீசன் யார் எத்தனை அடிச்சாங்கன்னு பார்த்துட்டுச் சொல்லு"ன்னு தம்பி சொன்னான். மாட்டேன். லோன் சரியா கொடுத்தோமான்னு பார்க்க, கையெழுத்துப் போட்ட தேதியில் என்ன தெரிஞ்சிருந்ததோ அதைத்தான் பார்க்கணும். பிறகு மழை பெய்ஞ்சதும் வெயில் அடிச்சதும் வேற கணக்கு.

எனக்கு ஏன் இவ்வளவு உறைச்சது

உண்மையைச் சொல்லிடறேன். கிரிக்கெட்டுக்காக மட்டும் இல்ல.

எனக்கு இப்போ 47. சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த பேங்க்கை இன்னொரு பேங்க் எடுத்துக்கிச்சு. பேர் வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல நான் வணிகக் கடன் பிரிவில் இருந்தேன். 2020 ஊரடங்கில் சின்னச் சின்ன கடைக்காரங்களுக்கு உதவித் தொகை ஃபைல் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்த்திருக்கேன். கேக் வெட்டினாங்க, கைதட்டினாங்க. அதெல்லாம் மூடின கணக்குன்னு எனக்கும் தெரியும்.

ஒரு நாள் மெயில் வந்தது. புதுப் பதவி, புது இடம், புதுச் சம்பளம். மூணுமே பழசை விடக் குறைச்சல். வீட்டிலிருந்து வண்டியில் முக்கால் மணி நேரம் கூடுதல். யாரும் கூப்பிட்டுப் பேசல. 'இப்படிச் செய்யலாம்னு இருக்கோம், நீ என்ன நினைக்கிறே?'ன்னு ஒரு வார்த்தை கிடையாது. மெயிலில் என் பேர்கூட இல்ல, பணியாளர் எண்தான். அதே வாரம் என் பழைய இடத்துக்கு ஒரு சின்னப் பையன் வந்தான். கெட்டிக்காரன், மரியாதை தெரிஞ்சவன். அவன் சம்பளம் எவ்வளவுன்னு பிறகு தெரிஞ்சது. அதை இங்கே எழுதல. நாத்து விலைன்னு வச்சுக்கோங்க.

ரெண்டு பேங்க்கும் இணைஞ்சதில் மிச்சம் எவ்வளவுன்னு பெருமையா அறிக்கை வந்தது. அதில் என் பங்கு எத்தனை டாலர்னு எனக்குக் கணக்குத் தெரியும். தங்கமணிக்கு மூணு மாசம் சொல்லல. சொன்னப்போ அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "உங்களைக் கேட்டாங்களா?"

கேட்கல.

அதனாலதான் ஜடேஜா விஷயத்தில் இன்னொண்ணும் என் கண்ணில் பட்டது. ஐ.பி.எல். விதிப்படி ஆட்டக்காரர் சம்மதம் இல்லாம பேரம் நடக்காது. அமெரிக்கக் கால்பந்தில் அப்படி இல்ல. ஒப்பந்தத்தில் தனியா ஒரு ஷரத்து எழுதி வாங்கியிருந்தாலொழிய, காலையில் ஒரு ஊர், சாயங்காலம் வேற ஊர். ஜடேஜாவைக் கேட்டாங்க. ஆட்டக்காரர்களோட பேசி, சம்மதத்தோட எடுத்த முடிவுன்னு சென்னை நிர்வாகம் சொன்னது. 14-ங்கிறது குறைச்சல்தான். ஆனா அதுக்குச் சரின்னு சொன்னது அவர். 2008-ல் 19 வயசில் முதல் கோப்பை ஜெயிச்ச அதே ராஜஸ்தானுக்குத் திரும்பிப் போறார். அந்த 4 கோடியை அவர் என்ன கணக்கில் எழுதினாரோ, அது அவர் கணக்கு. கேட்டுக் குறைச்சா அது ஒப்பந்தம். கேட்காம குறைச்சா அதுக்கு எங்க ஊரில் வேற பேர்.

கேட்காம மாத்தறதுன்னா என்னன்னு எல்லையோரத்துக்காரங்களுக்குப் புதுசா சொல்ல வேண்டாம். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சென்னை மாகாணத்துக்குப் போச்சு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. ஆனா கேரளாவிலேயே நின்னுடுச்சு. தாத்தா ஒரு நாள் தூங்கி எழுந்தப்போ அக்கா வீடு வேற மாநிலம். நல்லதோ கெட்டதோ, அது வேற விவாதம். அவரை யாரும் கேட்கலங்கிறதை மட்டும் அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.

நன்றிக்கு என்ன விலை?

அண்ணன் கேட்ட 'நன்றி'க்கு வர்றேன். 2023 மே 29, இங்கே மெமோரியல் டே லீவு. சாயங்காலம் நாலு மணி, அங்கே நடுராத்திரி தாண்டி ஒன்றரை. அகமதாபாத், இறுதிப் போட்டி, கடைசி ரெண்டு பந்தில் 10 ரன். மோகித் சர்மா பந்தை நேரா ஒரு சிக்ஸ், அடுத்தது கால் பக்கம் ஒரு ஃபோர். எங்க வீட்டில் நான், தங்கமணி, ரெண்டு பொண்ணுங்க நாலு பேரும் கத்தின கத்தலில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டிட்டார். தோனி ஜடேஜாவைத் தூக்கினாரே, அந்தப் படம் இன்னமும் பெரியவள் அறையில் இருக்கு.

அந்த ரெண்டு பந்துக்கு விலை போட முடியுமா? ஊரில் பேங்க்கில் இருந்தப்போ நகைக் கடன் சீட்டில் உட்கார்ந்திருக்கேன். அம்மா போட்ட சங்கிலி, பாட்டி கொடுத்த வளைன்னு கொண்டு வருவாங்க. நாம எடைதான் போடுவோம். செய்கூலிக்கும் கண்ணீருக்கும் தராசில் இடம் கிடையாது. அதுக்காக அந்தச் சங்கிலி அவங்களுக்கு வெறும் 16 கிராம் ஆயிடாது. விலை ஒரு ஏடு, நன்றி ஒரு ஏடு. விலை ஏட்டில் நன்றியை எழுதினா அஷ்வினுக்குக் கொடுத்த மாதிரி கொடுத்து, ரெண்டு பேரும் சங்கடப்படணும். நன்றி ஏட்டையே தொலைச்சிட்டா பணியாளர் எண்ணுக்கு மெயில் போகும்.

சென்னைக்கு நான் சொல்றது இதுதான். ஆளை மாத்தினீங்க, சரி. ஜடேஜா கொடுத்த 4 கோடி உங்க நன்றி ஏட்டில் பற்றா நிற்குது. அதைச் சேப்பாக்கத்தில் ஒரு நாள் கூப்பிட்டு, நிறுத்தி, எல்லார் முன்னாடியும் தீர்த்துடுங்க. அவர் எந்த ஜெர்சியில் வந்தாலும் சரி.

போன வாரம் அப்பாகிட்ட பேசினேன். வயசு 78. காது கொஞ்சம் மந்தம், கிரிக்கெட் ஞானம் கூர்மை. இந்தக் கணக்கை எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார்.

"கணக்கு சரிதான் மக்களே. நம்ம தடி விற்ற காசில் முதல் பங்கு யாருக்குப் போச்சுன்னு உனக்கு ஓர்ம உண்டா?"

எனக்கு ஞாபகம் இல்ல.

"நமக்கு பால் வெட்டினானே, அவனுக்குத்தான். இருபது வருஷம் வெட்டினவன். மரம் போனா அவனுக்கு வேலை இல்லல்லா. கச்சவடக்காரன் வாறதுக்கு முன்னால அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், கேட்டியா. 'மரத்தைக் குடுக்கட்டா?'ன்னு. அவன் சரின்னு சொன்ன பிறகுதான் குடுத்தேன்."

மரம் அப்பாவோடது. ஆதாரம் அப்பா பேரில். கேட்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

சரி, பெரியவளைக் கிளாஸில் விடணும். மார்த்தாண்டத்து அண்ணன் இதைப் படிச்சா குரூப்பில் திட்டுங்க, தனியா போன் பண்ணித் திட்டாதீங்க. இங்கே அப்போ ராத்திரி ரெண்டு மணி :-)

டிஸ்கி: வர்ற சீசனில் எங்க வீட்டில் ரெண்டு டீம். சின்னவ சஞ்சுவுக்காக மஞ்சள். பெரியவ ஜடேஜாவுக்காக ராஜஸ்தான் ஜெர்சி கேட்டிருக்கா. காசு கொடுக்கப் போறது யாருன்னு தனியா சொல்லணுமா?